வேகாத பூச்சு

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம் வைத்த தட்டோடு செவ்வந்தி வாசலில் வந்து நின்றபோது கௌதமன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கூடவே அவள் புருஷன் மாசாணம். அவன் தோளில் மகள் யுவஸ்ரீ. விசேஷத்துக்கு அழைக்கத் தட்டோடு வருகிறவர்களை வாயைக் கொப்பளித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு எதிர்கொண்டு கூப்பிட வேண்டும். கௌதமனுக்கோ நுரை வாயோடு அப்படியே கொல்லைப் பக்கம் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவன் மனைவி பூங்கொடி பாயை எடுத்து விரித்துவிட்டாள்.

செவ்வந்தி அவனுடைய சித்தப்பா மகள். அவளுக்குக் கூடப் பிறந்த ஆண் யாருமில்லை. மகளுக்குத் தாராபுரம் பக்கம் மாசாணத்தின் குலதெய்வமான கருப்பராயன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. முறை என்று பார்த்தால் சத்தியமங்கலத்தில் இருக்கும் பெரியப்பா மகன் மோகன்குமார்தான் மூத்தவன், அந்த உரிமையும் அவனுக்குத்தான். ஆனால் செவ்வந்தி அவனிடம் நேரிலேயே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"நீங்கதான் மடி குடுக்கோணும்ங்ணா. நானு முடிவு பண்ணிப்போட்டேன். அன்னைக்கு நீங்க மட்டும் மொதலாளிகிட்டச் சொல்லாட்டி என்னைய வெளிய தள்ளியிருப்பாரு. கூடப் பொறந்தவனா இருந்தாக்கூட இப்பிடி வந்து நின்னுருக்க மாட்டான்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. மாசாணமும் தலையாட்டினான். பூங்கொடி தன் புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். அந்த வாசலில் அவ்வளவு பேரும் ஒருவனை நல்லவன் என்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த நல்லவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். கூச்சம்தான். ஆனால் அவர்கள் நினைத்த கூச்சமில்லை.

கௌதமன் பல்லடத்துக்கு வெளியே ஒரு ஜீன்ஸ் வாஷிங் கம்பெனியில் கோட்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் ஜீன்ஸைத் துவைப்பது, வெளுப்பது, கிழிப்பது, கிழித்த இடத்தை மறுபடி அழகாகக் காட்டுவது என்று அங்கே ஆயிரம் கூத்து நடக்கும். அதில் கோட்டிங் என்பது பூச்சு வேலை. காற்றடைத்து உப்ப வைத்த ரப்பர் காலில் பேண்டை மாட்டி, கறுப்புப் பூச்சை ஸ்ப்ரே துப்பாக்கியால் அடிக்க வேண்டும். அடித்ததும் சாதாரணத் துணி தோல் மாதிரி மினுமினுக்கும். வெளிநாட்டில் தோல் பேண்ட் வாங்க மனசும் காசும் ஒத்துவராதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு திருப்தி அடைவார்கள் போலிருக்கிறது. நமக்கென்ன, ஆர்டர் வந்தால் சரி.

ஆனால் அடித்ததோடு வேலை முடியாது. பேண்டுகளை ஹேங்கரில் மாட்டி அடுப்புக்குள் அனுப்ப வேண்டும். அடுப்பு என்றால் விறகடுப்பு இல்லை, ஒரு பஸ் நீளத்துக்கு இரும்புக் கூண்டு. ஒரு வாயில் ஏற்றினால் சங்கிலி மெதுவாக இழுத்துக்கொண்டு போய் மறுவாயில் விடும். அந்தச் சூட்டில் போதுமான நேரம் இருந்தால்தான் பூச்சு துணியைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பிடிக்காது. அதை அங்கே வேலை செய்கிற பெண்கள் 'வேகலை' என்பார்கள். இதில் கெட்ட சங்கதி என்னவென்றால், வெந்த பேண்டும் வேகாத பேண்டும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் மினுக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை உலர்ந்த துணியால், ஒருமுறை நனைத்த துணியால்.

அடுப்பில் ஏற்றுகிற வேலைதான் செவ்வந்திக்கு. அவளைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவனே கௌதமன்தான். கம்பெனிக்குள் எல்லாரையும் போல அவளும் அவனை சார் என்றாள். வெளியே வந்ததும் அண்ணா. அடுப்பு வேலையில் அவன் ஏதாவது சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் செய்வாள்.

முதலாளி பாலுசாமியின் குடும்பத்துக்குத் தோட்டம் துரவு நிறைய. கௌதமனின் அப்பா அந்தத் தோட்டத்தில்தான் காலமெல்லாம் பாடுபட்டார். அந்த வீட்டுக் களத்தில் அவர் நின்றபடியே பேசிவிட்டு நின்றபடியே திரும்பியவர். இப்போது அவர் மகன் முதலாளியின் ஏசி அறைக்குள் போய் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறான். "உக்காருப்பா" என்று பாலுசாமியே சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக கௌதமன் எதையும் செய்வான். அப்படித்தான் செய்துவிட்டான்.

நடந்தது இதுதான். அன்றைக்குச் சாயங்காலம் லாரி ஏற்றிவிடுவதாக அவன் முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவராகக் கேட்கவில்லை, இவனாகத்தான் மார்தட்டினான். மத்தியானம் பார்த்தால் பூச்சடித்த பேண்டுகள் அடுப்பின் வாயில் மலையாகக் கிடந்தன. செவ்வந்தியும் மற்றப் பெண்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். கௌதமன் தானே போய்ச் சங்கிலியின் வேகத்தைக் கூட்டினான். கூட்டிவிட்டு அவனே கைப்பட ஹேங்கர்களை ஏற்றினான். பேண்டுகள் திருவிழாக் கூட்டம் போல உள்ளே போய் வெளியே வந்தன. பெண்கள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் வேகத்தைப் பழையபடி குறைத்து வைத்துவிட்டான்.

"அதுக்குள்ள இத்தனையும் ஏத்தியாச்சுங்களா சார்?" என்று செவ்வந்தி கேட்டாள். ஆள் போட்டு ஏற்றிவிட்டேன் என்று சொல்லி அந்தப் பக்கம் போய்விட்டான். மிச்சம் கிடந்ததை அவள் ஏற்றினாள்.

பிறகு துணி வைத்துத் தேய்த்துப் பார்த்தான். உலர்ந்த துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான். பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தேய்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் லாரி போகாது. துணியை உதறிக் காயப் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்று அனுப்பினான்.

பத்து நாளைக்குள் எல்லாம் திரும்பி வந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்த பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் ஒன்றின் பூச்சு உரிந்து மற்றதில் வந்தது. பாலுசாமி சத்தம் போடுகிற ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கௌதமனிடம், "ஏப்பா, இது எப்பிடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றுகிற பெண் புதுசு, அவசரத்தில் ஹேங்கர்களை நெருக்கி நெருக்கி மாட்டிவிட்டாள், உள்ளே சூடு சரியாகப் பரவவில்லை என்று சொன்னான். சொல்லும்போது குரல் கூட நடுங்கவில்லை. யார் என்று அவர் கேட்டார். செவ்வந்தி என்றான்.

ஏன் செவ்வந்தி? அங்கே ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பேரைச் சொன்னால் அவர்களைக் கூட்டிவந்த ஏஜெண்ட் சண்டைக்கு வருவான். உள்ளூர்ப் பெண்கள் வேறு சிலர் இருந்தார்கள். சொன்னால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். செவ்வந்தி மட்டும்தான் கேட்க மாட்டாள். அவள் நம்முடைய பிள்ளை, நாம் சொன்னால் பொறுத்துக்கொள்வாள், நாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவன் புத்தி கணக்குப் போட்டது. சொந்தக்காரி என்பதனாலேயே அவள் கழுத்தில் கத்தியை வைத்தான். உறவுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது.

வேலையைவிட்டு அனுப்பிவிடலாம் என்றார் பாலுசாமி. அப்போதுதான் கௌதமன் பதறினான். பாவம் சின்னக் குழந்தைக்காரி, தன் உறவுதான், வேறு பிரிவில் போட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சல் மட்டும் உண்மையான கெஞ்சல். அவர் மனமிரங்கிச் சம்மதித்தார். "உன்ற முகத்துக்காகத்தாம்ப்பா" என்றார்.

செவ்வந்தியை நூல் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்ட வேண்டும். அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நெருக்கித்தான் மாட்டியிருப்பேன், எனக்கே நினைப்பில்லை என்று சொல்லிவிட்டாள். தப்புச் செய்யாதவள் தப்பைத் தேடித் தேடித் தன்னிடம் கண்டுபிடித்துக்கொண்டாள். அன்று கம்பெனி வாசலில் அவனைப் பார்த்து, "உங்க பேரையும் கெடுத்துப்போட்டனுங்ணா" என்று அழுதாள். அவன் பரவாயில்லை என்றான். அவனே செய்ததற்கு அவனே பரவாயில்லை சொன்னான்.

அந்தப் பரவாயில்லைதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது தாய்மாமன் மடி வேறு.

தட்டை வாங்கிக்கொண்ட பிறகு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவெடுத்தான். காது குத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் வேண்டுமானால் மோகன்குமாரை உட்கார வைத்துக்கொள்ளட்டும். அந்த மடிக்கு நாம் லாயக்கில்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. மறுநாள் நூல் வெட்டும் கூடத்துக்குப் போனான். செவ்வந்தி குனிந்து கத்தரியும் கையுமாக இருந்தாள். அவனைக் கண்டதும் பக்கத்திலிருந்த பெண்களிடம், "எங்கண்ணன்தான் எம்புள்ளைக்கு மாமனா உக்கார்றாரு" என்று சொன்னாள். அந்தப் பெண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். கௌதமன் ஃபேன் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் பூங்கொடியிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தான். அவள் சீர்த்தட்டு எத்தனை என்பதில் முழுகிக் கிடந்தாள். சொல்ல முடியாததை எல்லாம் அவன் சீராக வாங்கினான். காதுக்குப் பவுன் தோடு, இடுப்புக்கு வெள்ளிக் கொடி, சந்தன நிறத்தில் சரிகை வைத்த பட்டுப் பாவாடை, செவ்வந்திக்குச் சேலை, மாசாணத்துக்கு வேட்டி சட்டை. ஒன்றுவிட்ட தங்கைக்கு இவ்வளவா என்று பூங்கொடியின் அம்மா முணுமுணுத்தாள். செய்யட்டும், மனசிருக்கிறவன் செய்கிறான் என்றாள் பூங்கொடி. மனசிருந்ததால் செய்தானா, மனசு உறுத்தியதால் செய்தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

இதற்கிடையில் திரும்பி வந்த பேண்டுகளில் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து அனுப்பினார்கள். உரிந்து போனவை மூட்டையாகக் கிடந்தன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாலுசாமி சொல்லிவிட்டார். பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த ஒன்றை செவ்வந்தி மாசாணத்துக்கு எடுத்துப் போனாள்.

கோயிலில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. அமராவதி ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்குள் கருப்பராயன் மீசையும் அரிவாளுமாக நின்றிருந்தார். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வேனிலும் டெம்போவிலும் வந்து இறங்கினார்கள். மேளத்தோடு சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கௌதமன் வந்தபோது பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாசாணத்தின் அம்மா பழனியாத்தாள் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு மருமகளைப் பிடிக்காது என்றில்லை, ஆனால் குறை சொல்லாவிட்டால் நாள் நகராது. சீரைப் பார்த்ததும் அவளுக்கே சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சத்தியமங்கலத்திலிருந்து மோகன்குமாரும் வந்திருந்தான். முகம் கோணாமல் கௌதமனுக்குக் கை கொடுத்தான்.

முதலில் மொட்டை. கௌதமன் பலகையில் சம்மணமிட்டு உட்கார, யுவஸ்ரீயை அவன் மடியில் வைத்தார்கள். கத்தி பட்டதும் பிள்ளை அலறி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. முடி விழுந்த இடமெல்லாம் அவனுக்கு ஊறல் எடுத்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தான். பரவாயில்லை, நன்றாகப் பிடித்துக்கொள்கிறான் என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது.

மொட்டை முடிந்ததும் குழந்தையைக் குளிக்க வைத்தார்கள். மாசாணம் விடியற்காலையிலிருந்து கிடாயை இழுப்பதும் விறகு சுமப்பதும் அண்டாவைத் தூக்குவதுமாக அலைந்துகொண்டிருந்தான். அவன் கறிக்கோழி லாரி ஓட்டுகிறவன், சும்மா நிற்கத் தெரியாத ஆள். வேட்டி கட்டினால் தடுக்கும் என்று அந்தக் கறுப்பு ஜீன்ஸைத்தான் போட்டிருந்தான். காது குத்துகிற நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. குளித்த ஈரத்தோடு மகளைத் தூக்கித் தொடையில் நிறுத்திக்கொண்டான். அப்படியே அவசர அவசரமாகத் துடைத்து, சந்தனம் பூசி, மாமன் சீராக வந்த பாவாடையைக் கட்டிவிட்டு, தூக்கிக்கொண்டு வந்தான்.

முதலில் பார்த்தது பழனியாத்தாள்தான். ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தாள். குழந்தையின் காலெல்லாம் கறுப்பு. மாசாணத்தின் உள்ளங்கை கறுப்பு. சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் அவன் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன. சந்தன நிறப் பாவாடையின் ஒரு பக்கம் முழுக்கக் கரிச்சட்டியைக் கவிழ்த்தது போலாகிவிட்டது. அவன் தொடையில் ஈரம் பட்ட இடமெல்லாம் பூச்சு கரைந்து, வெளுத்த துணி தெரிந்தது.

கௌதமன் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கு நனைத்த துணியால் தேய்க்காமல் விட்டானே, அந்தச் சோதனையைக் குழந்தையின் உடம்பு செய்து காட்டிவிட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நல்ல காரியத்தில் கறுப்புப் பட்டால் பழனியாத்தாள் விடுவாளா? என்ன பேண்ட் இது என்று மகனைக் கேட்டாள். கம்பெனியில் கொடுத்தது என்றான் மாசாணம். அவ்வளவுதான், அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ வேக வெச்ச லட்சணந்தானா இது? அங்க சூப்பர்வைசர் மானத்த வாங்குன, இங்க வந்து எம்பேத்தி தலையிலயும் கரியப் பூசிப்போட்டியே அம்மணி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, விசேஷ வீட்டுக் கேலிதான். கம்பெனியில் நடந்தது தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அடுப்பில் நெருக்கி ஏற்றிவிட்டாளாம், அத்தனையும் வீணாம், கௌதமன்தான் காப்பாற்றினானாம் என்று பேச்சு கை மாறிக் கை மாறிக் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போனது. செவ்வந்தியும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து குழந்தையைத் துடைத்தாள். தலையும் காலும் ஒருவழியாகத் தெளிந்தன. பாவாடை தெளியவில்லை. அவள் கௌதமனிடம் வந்து தலை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோங்ணா. எவ்வளவு ஆசையா எடுத்துட்டு வந்தீங்க. என்னால அதுவும் பாழாப் போச்சு."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று காது குத்த வந்த ஆசாரி அவசரப்படுத்தினார். பழனியாத்தாள் பாவாடையின் கறையை உட்பக்கமாக மடித்து விட்டாள். கௌதமன் மறுபடி பலகையில் உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள்.

ஆசாரி வலது காதைப் பிடித்து ஊசியை ஏற்றினார். யுவஸ்ரீ வீறிட்டாள். உடம்பை முறுக்கிக்கொண்டு, தப்பிக்க வேறு இடம் தெரியாமல், தன்னைப் பிடித்திருந்தவனின் கழுத்தையே கட்டிக்கொண்டாள். பிடித்துக் கொடுத்தவனிடமே அடைக்கலம் கேட்டாள். அந்தச் சின்னக் கை கழுத்தில் இறுகியதும் கௌதமனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"செவ்வந்தி மேல தப்பில்லீங்க," என்றான்.

மேளம் நின்றிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. ஆசாரி இரண்டாவது தோட்டைக் கையில் எடுத்தபடி அவனைப் பார்த்தார்.

"அடுப்ப வேகமா ஓட்டுனது நாந்தேன். லாரிக்கு நேரமாச்சுன்னு ஓட்டிப்போட்டேன். மொதலாளி கேட்டப்ப அவ பேரச் சொல்லிப்போட்டேன்."

அவமானத்தில் அவன் காது மடல்கள் எரிந்தன. திட்டட்டும், துப்பட்டும், எழுந்து போ என்று சொல்லட்டும் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். முதலில் பேசியவள் பழனியாத்தாள்.

"கேட்டீங்களா? மாமன்னா இப்பிடி இருக்கோணும். தங்கச்சி சபையில தலை குனியக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தம்மேல போட்டுக்கறாரு பாருங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. இந்தக் காலத்தில் கூடப் பிறந்தவன்கூட இப்படிச் சொல்வானா என்றார் ஒரு பெரியவர். மோகன்குமார் தலையை ஆட்டி ஆமோதித்தான். பூங்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நெசமாத்தான் சொல்றேன் என்று கௌதமன் இன்னொரு தரம் சொன்னான். அதற்கு இன்னும் அதிகமாக உருகினார்கள். மாசாணம் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து அழுத்தி, "உடுங்க மச்சான், அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா" என்றான்.

ஒரு கணம் கௌதமனுக்குள் ஏதோ லேசாயிற்று. சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் போகவும் இல்லை. ஊரறியச் சொன்னேனே, நம்பாதது அவர்கள் குற்றம் அல்லவா என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலோடு அப்படியே உட்கார்ந்துவிடலாம் என்று அவன் ஆசைப்பட்டான். தான் அப்படி ஆசைப்படுகிறோம் என்பது தெரிந்தபோது, அதுவரைக்கும் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. நிமிர்ந்தான். எதிரே செவ்வந்தி நின்றிருந்தாள்.

அவள் மட்டும் உச்சுக் கொட்டவில்லை. கையில் கறுப்புப் படிந்த ஈரத்துணியோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ யோசித்துத் தேடுகிற பார்வை.

"நாங்க சாப்புடப் போயிருந்தப்பங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"நாங்க வாரதுக்குள்ள பழையபடி திருப்பி வெச்சுப்போட்டீங்களா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள். இத்தனை நாளாகத் தன்னிடம் தேடிக்கொண்டிருந்த தப்பு இருக்கும் இடம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம். கோபமாகக்கூட இல்லை. கூட்டத்தில் யாருக்கும் இந்தப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு காதுக்கு நேரமாகிறது, குழந்தையைத் திருப்பி உட்கார வையுங்கள் என்றார் ஆசாரி.

செவ்வந்தி ஈரத்துணியைக் கீழே போட்டாள். குனிந்து, அவன் கழுத்தைச் சுற்றியிருந்த மகளின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் காதுக்கு நானே உக்காந்துக்கறேனுங்க."

பழனியாத்தாள் பதறிப்போனாள். மாமன் உட்கார்ந்திருக்கும்போது பெத்தவள் உட்காருவதா, எங்காவது உண்டா இப்படி ஒரு வழக்கம் என்று கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வேண்டுமானால் மோகன்குமாரைக் கூப்பிடு என்று யாரோ சொன்னார்கள். மாசாணம் ஒன்றும் புரியாமல் பெண்டாட்டியையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான். செவ்வந்தி பலகைக்கு முன்னால் குழந்தையோடு நின்று, கௌதமன் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து இடம் விட்டான்.